இடப்பக்கம் வலுவிழந்த அப்பாவுக்கு மூன்று சக்கர சைக்கிள்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 72 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்ததில் இடக் கையும் இடக் காலும் வலுவிழந்தன. விடாமல் பயிற்சி செய்து பெரிதும் தேறிவிட்டார். கைத்தடியுடன் வீட்டிலும் முற்றத்திலும் தாமாகவே நடக்கிறார். ஆனால் நூறு அடி நடந்ததும் உட்கார இடம் தேடுகிறார். ஐம்பது ஆண்டுகள் சைக்கிளிலேயே போய்வந்த மனிதர். எங்கள் தென்னந்தோப்பு வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். அங்கே தாமாகவே போய்வர வேண்டும் என்பதுதான் இப்போது அவருக்குள்ள ஒரே விருப்பம். யாராவது பைக்கில் ஏற்றிச் செல்வார்களா என்று அவர் திண்ணையில் காத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் தாங்குவதில்லை.

வழி பெரும்பாலும் சமதளம். ஒரு சிறு பாலத்தில் மட்டும் ஏற்றம் உண்டு. ஏறக்குறைய அறுநூறு மீட்டர் வாய்க்கால் கரைச் சாலை. தோப்புக்குப் போகும்போது வாய்க்கால் இடப்புறம் வரும். தடுப்புச் சுவர் கிடையாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி இந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடியில் மேற்கிலிருந்தும், மலையாளத்தார் விருச்சிகக் காற்று என்று சொல்லும் கார்த்திகை மாதத்தில் கிழக்கிலிருந்தும் வீசி, சாதாரண சைக்கிளையே தள்ளாட வைக்கும்.

பாலக்காட்டில் ஒரு கடையில் "முச்சக்ர வண்டி" என்று கேட்டதற்குப் பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரைக் காட்டினார்கள். கேரளத்தில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள் என்று பிறகுதான் புரிந்தது. கோயம்புத்தூரில் ஒரு கடையில் பெரியவர்களுக்கான டிரைசைக்கிள்கள் இருந்தன. "மூன்று சக்கரம் அம்மா, விழவே விழாது" என்றார் விற்பனையாளர். அம்மாவுக்கு நிம்மதி, எனக்கு அச்சம் தீரவில்லை. அப்பாவோ, தம்முடைய பழைய சைக்கிளிலேயே பின்னால் இரட்டைச் சக்கர அச்சைப் பொருத்தினால் போதும் என்கிறார். பேட்டரி வண்டி வாங்கச் சொல்கிறார் தம்பி. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் கையால் சுற்றும் வண்டிக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நாங்கள் ஒதுக்கியுள்ள தொகை முப்பதாயிரம் ரூபாய். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடன் இருப்பேன்.

பதில்: பொள்ளாச்சி சைக்கிள் பட்டறை

அம்மா, வணக்கம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சைக்கிள் வேலை செய்கிறேன்; டிரைசைக்கிள்களும் பட்டறைக்கு வருகின்றன. விழவே விழாது என்று உங்களிடம் சொன்னது பாதிதான் உண்மை. நின்றுகொண்டிருக்கும்போதும் நேராக மெதுவாகப் போகும்போதும் அது விழாது. திருப்பத்தில் கவிழும். இரண்டு சக்கர சைக்கிளில் திருப்பத்துக்கு உடம்போடு வண்டியும் சாய்கிறது. டிரைசைக்கிள் சாயாது, ஆகவே ஓட்டுபவரின் எடை முழுவதும் வெளிப்புறமாகத் தள்ளப்பட்டு உட்பக்கச் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். வேகம் இருமடங்கானால் அந்தத் தள்ளுவிசை நான்கு மடங்காகும் என்பதால், திருப்பங்களில் நடக்கிற வேகத்துக்கு மேல் போகவே கூடாது.

உங்கள் அப்பாவின் ஐம்பது ஆண்டுப் பழக்கம் இதில் முதலில் இடைஞ்சலாகத்தான் இருக்கும். சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்கள் டிரைசைக்கிளை எளிதில் பழகிவிடுகிறார்கள். தெரிந்தவர்கள் உடம்பைச் சாய்த்துச் சமன்செய்யப் பார்த்து, வண்டி சொன்னபடி கேட்கவில்லை என்று பதறுகிறார்கள். இன்னொரு பழக்கம் இதைவிட ஆபத்தானது. வேகம் குறைந்ததும் காலைத் தரையில் ஊன்றுவது நமக்கு இயல்பு. டிரைசைக்கிளில் அப்படி ஊன்றினால் பின்சக்கரம் குதிகாலில் ஏறிவிடும். முழுதாக நிற்கும்வரை இரண்டு கால்களும் பெடலிலேயே இருக்க வேண்டும் என்பதைத்தான் முதல் நாள் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அடுத்து, சாலையின் சரிவு. மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதியை உயர்த்தி ஓரங்களைத் தாழ்த்திப் போடுவார்கள். நாம் இடப்புறம் செல்வதால் மூன்று சக்கர வண்டி எப்போதும் இடப்புறம் சாய்ந்தே ஓடும். ஹேண்டில் இடப்புறமே இழுக்கும். வலுக்குறைந்தது இடக் கை, வண்டி இழுப்பது இடப்புறம், வாய்க்காலும் இடப்புறம் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது, எந்த வண்டி என்பதற்கு முன்னால் எந்த வழி என்பதைத்தான் முடிவுசெய்ய வேண்டும் என்று தோன்றியது. தோப்புக்கு ஊர்ச்சாலை வழியாகச் சுற்றிப் போக முடியுமானால் அப்படிப் போகட்டும். திரும்பும்போது வாய்க்கால் சாலையின் எதிர்ப்புறம் இருக்கும் என்பதால், அந்த வழியாக வருவதில் ஆபத்து குறைவு.

வண்டியில் முதலில் கீழே குனிந்து, பெடலின் விசை எந்தச் சக்கரத்துக்குப் போகிறது என்று பாருங்கள். விலை குறைந்த வண்டிகள் பலவற்றில் பின்சக்கரங்களில் ஒன்றை மட்டுமே செயின் சுழற்றும். மற்றது சும்மா உருளும். சுழல்வது வலச் சக்கரமாக இருந்தால் ஒவ்வொரு மிதியிலும் வண்டி இடப்புறம் திரும்பப் பார்க்கும். சாலைச் சரிவும் அதே பக்கம் இழுப்பதால் உங்கள் அப்பாவுக்கு அது கட்டாயம் ஆகாது. டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் இரண்டு சக்கரங்களுக்கும் விசை பகிர்ந்து போகும். திருப்பத்தில் வெளிச்சக்கரம் கூடுதலாகச் சுழலவும் இடம் கிடைக்கும். 1877-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி என்பவர் டிரைசைக்கிளுக்கு டிஃபரன்ஷியலைக் கொண்டுவந்தார். தந்தையும் மகனும் அருகருகே உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கச் சக்கரத்தை மிதித்த வண்டி, மகனுடைய கால் பலம் மிகுந்ததால் ஓரத்துக்கு ஓடிவிட்டது என்றும், அதிலிருந்துதான் அவருக்கு அந்த யோசனை பிறந்தது என்றும் சொல்வார்கள். நீங்களும் கூடுதலாகச் சில ஆயிரம் கொடுப்பதாக இருந்தால் இதற்குக் கொடுங்கள்.

பிரேக்கிலும் மாற்றம் தேவை. நம் ஊர் சைக்கிள்களில் பொதுவாக வலக் கை முன்பிரேக்கையும் இடக் கை பின்பிரேக்கையும் பிடிக்கும். இடக் கை பிடிக்காது என்றால் அவருக்கு முன்பிரேக் மட்டுமே மிஞ்சும்; சரளைக்கல்லில் ஹேண்டிலைத் திருப்பியபடி முன்பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். இரண்டு வயரையும் சேர்த்து இழுக்கும் ஒற்றை லீவர் கிடைக்கிறது. அதை வலப்புறம் பொருத்தச் சொல்லுங்கள். லீவரை அழுத்திய நிலையில் பூட்டி வைக்கும் பார்க்கிங் பிரேக் இல்லாத வண்டியை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஏறும்போது வண்டி ஒரு சாண் உருண்டாலே போதும், அவர் கீழே இருப்பார்.

பழைய சைக்கிளில் இரட்டைச் சக்கர அச்சைப் பொருத்துவதை நான் செய்து தருவதில்லை. அந்தச் சட்டத்தின் மேல்தண்டைக் கால் தூக்கித் தாண்ட வேண்டியிருக்கும், சீட்டும் உயரம். உயரம் கூடக்கூட வண்டி கவிழ்வது எளிதாகிவிடும். அப்பாவின் மனம் நோகாமல் இதை எடுத்துச் சொல்லுங்கள்; பழைய சீட்டையும் மணியையும் புதிய வண்டிக்கு மாற்றிக் கொடுத்தால் அவருக்குச் சற்று ஆறுதலாக இருக்கும்.

அவர் வேட்டி கட்டுபவர் என்றால் செயினை முழுவதும் மூடும் உறை வேண்டும். பின்சக்கரங்களின் உட்புறமும் மறைப்பு இருக்க வேண்டும்.

பதில்: பிசியோதெரபிஸ்ட், பாலக்காடு

மேலே எழுதிய நண்பர் வண்டியைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் உடலைப் பற்றி எழுதுகிறேன். இடப்பக்கம் வலுவிழந்த பக்கவாதத்தில் பாதிப்பு மூளையின் வலப்பாதியில் இருக்கும். அத்தகைய நோயாளிகளில் சிலருக்குக் கையும் காலும் தேறிய பிறகுகூட, இடப்புறம் உள்ளவற்றைக் கவனிக்கும் திறன் குறைந்தே இருக்கும். கண் தெரியும், கவனம் அந்தப் பக்கம் போகாது. வேறு சிலருக்கு இரு கண்களிலுமே இடப்பாதிப் பார்வை குறைந்திருக்கும். தமக்கு அப்படி ஒரு குறை இருப்பதை நோயாளியே உணர்வதில்லை என்பதால் வீட்டில் உள்ளவர்கள்தான் கண்டறிய வேண்டும்.

வாழை இலையில் சாப்பிடும்போது பாருங்கள்: இலையின் இடப்பக்கம் வைத்த பொரியலும் ஊறுகாயும் தொடாமல் மிஞ்சுகின்றனவா? வாசலில் நுழையும்போது இடத் தோள் நிலையில் இடிக்கிறதா? ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு போட்டு, அதன் நடுவில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். புள்ளி நன்றாக வலப்புறம் தள்ளி விழுந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டாமல் வண்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம். இவை வீட்டில் செய்யும் முதற்சோதனைகள் மட்டுமே. இவற்றில் தேறினாலும் கண் மருத்துவரிடம் பார்வைப் பரப்புச் சோதனை செய்துகொள்ள வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு வலிப்பு வந்ததுண்டா, இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறாரா என்பதையும் மருத்துவரிடம் பேசுங்கள். அந்த மருந்து சாப்பிடுபவருக்குத் தலையில் படும் சிறு அடியும் பெரிதாகலாம். ஆகவே முற்றத்தில் பழகும்போதுகூட ஹெல்மெட் வேண்டும்.

வண்டியில் ஏறுவதை இனி வலப்புறத்திலிருந்து பழக வேண்டும். நாம் எல்லோரும் சைக்கிளுக்கு இடப்புறம் நின்று, இடக் காலை ஊன்றி, வலக் காலைத் தூக்கிப் போட்டுப் பழகியவர்கள். அவர் அப்படிச் செய்தால் உடல் எடை முழுவதும் ஒரு கணம் வலுக்குறைந்த காலில் நிற்கும். வண்டியின் வலப்புறம் நின்று, நல்ல காலை ஊன்றி, வலக் கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, வலுக்குறைந்த காலைச் சட்டத்துக்கு மேலாக அப்பால் வைப்பதே பாதுகாப்பானது. இறங்குவதும் அதே பக்கம்தான். சாலையில் வலப்புறம் வாகனங்கள் வரும் என்பதால், ஏறுவதும் இறங்குவதும் முற்றத்திலோ தோப்புக்குள்ளோ மட்டும் நடக்க வேண்டும். வழியில் களைத்தால் பிரேக்கைப் பூட்டிவிட்டு வண்டியில் உட்கார்ந்தபடியே இளைப்பாறட்டும். டிரைசைக்கிளில் நமக்குக் கிடைக்கும் பெரிய வசதியே அதுதான். இதற்காகவே முதுகுச் சாய்வுள்ள அகலமான சீட்டைத் தேர்ந்தெடுங்கள்.

இடப் பெடலில் குதிகாலைத் தாங்கும் தட்டும், பாதத்தைப் பிடிக்கும் வார்ப்பட்டையும் வேண்டும். கணுக்கால் தொங்கினால் பாதம் பெடலிலிருந்து வழுவி, சக்கரத்துக்கு முன்னால் விழும். ஆனால் பாதத்தை இறுக்கிக் கட்டிவிடக் கூடாது. வலக் கையால் ஒரே இழுப்பில் அவிழும் ஒட்டுப்பட்டையாக இருக்கட்டும்.

அரசு வண்டியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கான்பூரில் 1972-இல் தொடங்கப்பட்ட அலிம்கோ நிறுவனம் செய்யும் கைச்சுற்று டிரைசைக்கிள், கால்கள் இயங்காமல் கைகள் வலுவாக உள்ளவர்களுக்காக வடிவமைக்கப்பட்டது. ஒரு கை வலுவிழந்த உங்கள் அப்பாவுக்கு அது பொருந்தாது. அவருடைய கால்கள் மிதிக்க வேண்டும். அந்தப் பயிற்சியை நாமே ஏன் பறிக்க வேண்டும்?

பதில்: செங்கோட்டை ஓய்வுபெற்ற ஆசிரியை

நான் மூன்று ஆண்டுகளாக டிரைசைக்கிள் ஓட்டுகிறேன்; வயது 66. எனக்குப் பக்கவாதம் இல்லை, இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். எங்கள் ஊருக்கும் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று வருவதால் உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. பக்கக் காற்றில் இந்த வண்டி என்னைத் தள்ளியதே இல்லை. எதிர்க்காற்றில்தான் முழங்கால் கெஞ்சும். ஆகவே கியர் இல்லாத வண்டியை வாங்காதீர்கள். பின்புறம் பல்சக்கரங்கள் வெளியே தெரியும் கியரை மாற்ற மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். சக்கரக் குடத்துக்குள் அடங்கிய மூன்று கியர் அமைப்பை நின்றபடியே மாற்றலாம். பாலத்து ஏற்றத்தில் பாதியில் நின்று, கியரைக் குறைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு மீண்டும் கிளம்ப அதுதான் உதவும்.

நான் முதலில் வாங்கியது 26 அங்குலச் சக்கர வண்டி. அதில் ஃப்ரீவீல் கிடையாது. வண்டி உருளும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். பின்னோக்கியும் மிதிக்கலாம் என்பதை ஒரு வசதியாகச் சொல்லி விற்றார்கள். இறக்கத்தில் பெடல் என் முழங்கால்களை வலுக்கட்டாயமாக மடக்கியதில் ஒரு மாதம் வலியோடு கிடந்தேன். இப்போது வைத்திருப்பது ஃப்ரீவீல் உள்ள 20 அங்குலச் சக்கர வண்டி. சட்டம் தாழ்வாக இருப்பதால் சேலையுடன் எளிதாக ஏறுகிறேன். சாதாரணமாக 170 மில்லிமீட்டர் நீளமுள்ள கிராங்கை, அதாவது பெடலைத் தாங்கிச் சுற்றும் தண்டை, மாற்றி 150 அளவில் போட்டுக்கொண்டேன். மிதிக்கும் வட்டம் சிறிதாவதால் முழங்கால் குறைவாக மடங்கினாலே போதும். கால் விறைப்பு உள்ளவர்களுக்கும் இது பயன்படும் என்று எனக்குப் பயிற்சி தந்தவர் சொன்னார்.

ஒரு முறை கவிழ்ந்திருக்கிறேன். காய்கறிப் பையை ஹேண்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு சந்தைத் தெருவில் திரும்பியபோது பை ஆடி, ஹேண்டில் கூடுதலாகத் திரும்பிவிட்டது. முழங்கையில் காயம். அன்றிலிருந்து சுமை முழுவதும் பின்கூடையின் அடியில்தான். உங்கள் அப்பா தோப்புக்குப் போனால் வெறும் கையோடு வரமாட்டார். பத்து தேங்காய்க்கு மேல் ஏற்றக் கூடாது என்று முதலிலேயே பேசி வையுங்கள். கூடைக்கு மேலே குவித்து வைக்கவும் கூடாது.

கடைக்குப் போகுமுன் உங்கள் வீட்டு வாசற்கதவின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். இந்த வண்டிகள் பெரும்பாலும் 70 முதல் 80 சென்டிமீட்டர் அகலமும் முப்பது கிலோவை ஒட்டிய எடையும் உள்ளவை. படியில் தூக்கி ஏற்ற ஒருவரால் ஆகாது. நான் அளக்காமல் வாங்கி, படியை இடித்துச் சாய்தளம் கட்ட வேண்டியதாயிற்று.

கொழிஞ்சாம்பாறை மகள்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இலைச் சோதனை செய்தோம். அப்பா இடப்புறம் எதையும் மிச்சம் வைக்கவில்லை. கோட்டில் புள்ளி ஒரு விரல் அகலம் வலப்புறம் விழுந்ததால் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். பார்வைப் பரப்பு முழுமையாக இருப்பதாகவும், கவனக்குறைவு பெரிதாக இல்லை என்றும் சொன்னார். பகலில் மட்டும், பழகிய வழியில் மட்டும், முதல் மூன்று மாதம் ஒருவர் துணையுடன் ஓட்டலாம் என்று அனுமதித்திருக்கிறார். தம்பி பேட்டரியைப் பற்றி இன்னும் வற்புறுத்துகிறார். அது குறித்தும் சொன்னால் நல்லது.

பொள்ளாச்சி சைக்கிள் பட்டறை

அம்மா, 250 வாட்டுக்கு உட்பட்ட மோட்டாரும் 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகமும் கொண்ட பேட்டரி சைக்கிளுக்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் வேண்டாம் என்பது உண்மை. ஆனால் அந்த 25 கிலோமீட்டர் வேகமே டிரைசைக்கிளின் திருப்பத்துக்கு மிக அதிகம். மலிவான மோட்டார்கள், மிதிப்பதை நிறுத்திய பிறகும் ஒரு நொடி தள்ளிவிட்டுத்தான் ஓயும். கையால் முறுக்கும் வகையோ பதற்றத்தில் தவறாக முறுக்கப்படலாம். ஆறு மாதம் காலால் மிதித்துப் பழகட்டும். அதற்குப் பிறகும் எதிர்க்காற்றில் சிரமப்பட்டால், பிரேக் லீவரைத் தொட்டதும் மோட்டார் நிற்கும் சுவிட்சுடன், 10 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி அமைத்துப் பொருத்தலாம். அதற்கு இடம் தரும்படியாக முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை (ஃபோர்க்) இரும்பாக உள்ள வண்டியையே இப்போது வாங்குங்கள்.

டயர் அளவு உள்ளூரில் கிடைக்கிறதா என்று கேட்ட பிறகு பணம் கொடுங்கள். ட்யூப் இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள்.

கொழிஞ்சாம்பாறை மகள்

ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். 20 அங்குலச் சக்கரம், டிஃபரன்ஷியல், குடத்துக்குள் மூன்று கியர், சாய்வுச் சீட்டு உள்ள வண்டியை வாங்கினோம். ஒற்றை லீவரும் பெடல் பட்டையும் பொருத்தியதையும் சேர்த்து, ஒதுக்கிய தொகையைவிட நாலாயிரம் கூடியது. முதல் மூன்று நாட்கள் பள்ளி மைதானத்தில் அப்பாவை மிதிக்க விடாமல் நானும் தம்பியும் தள்ளினோம். ஹேண்டிலை மட்டும் திருப்பிப் பழகினார். நான்காம் நாள் மிதிக்கத் தொடங்கியபோது பழக்கத்தில் இரண்டு முறை இடக் காலை எடுக்கப் பார்த்தார், பட்டை தடுத்துவிட்டது. வலப்புறம் ஏறுவது இன்னும் அவருக்குக் கூச்சமாகவே இருக்கிறது. திண்ணைத் தூணுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, தூணைப் பிடித்து நின்றுகொண்டு ஏறுகிறார்.

நேற்று ஊர்ச்சாலை வழியாகத் தோப்புக்குப் போனோம்; தம்பி சைக்கிளில் பின்னால் வந்தார். சுற்றுவழி என்பதால் இரண்டு கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடங்கள் ஆயின. இடையில் மூன்று முறை நிறுத்திப் பிரேக்கைப் பூட்டி உட்கார்ந்தார். தோப்பில் இறங்கியதும் ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார். திரும்பும்போது வாய்க்கால் கரையில் வந்தார். வாய்க்கால் வலப்புறம் தள்ளியே இருந்தது.

ஒரு சிக்கல் எஞ்சியிருக்கிறது. பின்னால் லாரி வரும் ஓசை கேட்டதும் அவர் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறார். அப்போது ஹேண்டிலும் கூடவே திரும்புகிறது. வலப்புறம் ஒரு கண்ணாடி பொருத்த நினைக்கிறோம். ஒற்றை லீவரும் அதே பக்கம் இருப்பதால் இடம் போதவில்லை. ஹேண்டில் நுனியில் செருகும் கண்ணாடி இந்த வண்டிக்குப் பொருந்துமா?